முன்வரிசைக்காரனின் மூன்று விமர்சனங்கள்

பாடகி வந்து உட்கார்ந்ததும் நாத்தனாருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஓபரா அரங்கத்தின் கடைசி வரிசையில் கழுத்து வலிக்க எட்டிப் பார்த்த முகம், இப்போது வீட்டு நாற்காலியில்! "குடிக்க என்ன வேணும்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் "வெந்நீர் போதும்" என்றே பதில் வந்தது.

அண்ணி எதுவும் கேட்கவில்லை. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர்; ஊரார் கொண்டுவரும் புதிர்களை அவிழ்த்துக் கொடுப்பவர். எதிரே இருப்பவர் தானாகப் பேசட்டும் என்று விட்டுவிடுவார். நாத்தனாருக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "சொல்லுங்க, சொல்லுங்க!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாடகி பெரிய ஒட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷப் பத்திரிகைத் துண்டுகள், ஓரம் பிசகாமல் ஒட்டியவை. பக்கத்துக்குப் பக்கம் புகழ்மாலை. கடைசி மூன்று துண்டுகள் மட்டும் வேறு மாதிரி. ஒரு வார இதழில் வந்தவை. எழுதியவர் பெயர் 'முன்வரிசைக்காரன்'.

"திட்டினதையும் ஒட்டி வெச்சிருக்கீங்களே!" என்றாள் நாத்தனார்.

"என் கூடவே இருக்கற எங்க அக்கா ஒட்டுவாங்க. நல்லது கெட்டது பார்க்க மாட்டாங்க. எங்க அரங்கத்துல அடியெடுத்துக் குடுக்கறதும் அவங்கதான். மேடை விளிம்புல ஒரு சின்னப் பெட்டி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள உக்காந்து, வரி மறந்தா மெதுவா சொல்வாங்க."

அண்ணி துண்டுகளை வாய்விட்டுப் படித்தார். முதல் வாரம்: 'மூன்றாம் காட்சியில் உச்ச ஸ்வரத்துக்கு முன் வலது குதிகாலைத் தூக்கிக் கால் விரலில் நிற்கிறார். குரல் ஏறாத இடத்துக்கு உடம்பை ஏற்றிப் பார்க்கிறார்.' இரண்டாம் வாரம்: 'முரசுகள் முழங்கும்போது அவர் மூச்சில் ஒரு விசில் கேட்கிறது. இந்தத் தொண்டைக்கு ஓய்வு வேண்டும்.' மூன்றாம் வாரம்: 'தரையில் நீலச் சாயத்தைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டும் அதே லட்சணம். சனிக்கிழமை இவர் பாடவே கூடாது.'

"சனிக்கிழமை வெளிநாட்டுக் குழு வருது," என்றாள் பாடகி. "அவங்க தேர்ந்தெடுத்தா பத்து நாட்டு மேடை. என் வாழ்நாள் கனவு. இயக்குநர் பயந்துட்டார். இது பொறாமையில எழுதினதுன்னு நாளைக்குள்ள காட்டலைன்னா மாற்றுப் பாடகியை ஏத்திடுவார். யாருன்னு மட்டும் சொல்லுங்க." பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் நாத்தனார் துள்ளினாள். "மாற்றுப் பாடகிதான் அண்ணி! வேற யாருக்கு லாபம்?"

"லாபம் இருக்கறவங்க எல்லாம் குற்றவாளின்னா ஊர்ல பாதிப் பேர் உள்ளே இருக்கணும்மா. செருப்பைப் போடு."

முதலில் நாளிதழ் அலுவலகம். இருபத்திரண்டு வருஷமாகப் பாடகியைப் புகழ்ந்த பெரிய விமர்சகர், முன்வரிசைக்காரன் என்றதுமே முகம் சுளித்தார். "மூணாவது காட்சியைப் பத்தி நான் எப்படிங்க எழுதுவேன்? இடைவேளையோட கிளம்பிடுவேன். அச்சுக்குப் போகணுமே. அந்தக் காட்சியைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆச்சு."

"போன மாசம்கூட 'மூன்றாம் காட்சி தெய்வீகம்'னு எழுதியிருக்கீங்களே?" என்றாள் நாத்தனார், அடக்க மாட்டாமல்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால தெய்வீகமாத்தான் இருந்தது," என்றார் அவர், மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே. கூச்சத்தில் மற்றப் பத்திரிகைகளின் விமர்சனங்களையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் ஒரே குரலில் புகழ்ந்திருந்தது புதிய மேடைத் தரையை: நீல நதி ஓடுகிறது, அதில் மீன்கூடத் தெரிகிறது!

அண்ணி அந்த வரிகளை இரண்டு முறை படித்தார்.

மறுநாள் காலை, ஒத்திகை தொடங்குமுன், அண்ணி அரங்கத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார். நாத்தனாரை மாடிக்கு ஏற்றினார், நடு வரிசையில் உட்கார வைத்தார், மேடைப் பக்கவாட்டில் நிறுத்தினார். எங்கிருந்து பார்த்தாலும் நதி தெரிந்தது. மேடை நடுவில் நிற்கச் சொல்லியிருந்த மாற்றுப் பாடகியின் செருப்பு மட்டும் எங்கிருந்தும் தெரியவில்லை. அகலப் பாவாடை மறைத்தது. முன்வரிசையிலிருந்து பார்த்தால் மேடை விளிம்பு விளக்குகளின் பலகையும் சேர்ந்து மறைத்தது.

"நாக்கு தள்ளுது அண்ணி," என்று நாத்தனார் மூச்சு வாங்கினாள். "இன்னும் எத்தனை இடம்?"

"ஒண்ணே ஒண்ணு."

பத்து மணிக்கு எல்லாரும் கூடிவிட்டார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். விமர்சகர் ஓரமாக நின்றார். மாற்றுப் பாடகி அழுதுவிடுவாள் போலிருந்தாள். எல்லார் கண்ணும் அவள் மேல்தான். பாடகி அகலப் பாவாடையோடு, மேடை விளிம்புப் பெட்டிக்கு எதிரே விறைப்பாக நின்றாள். அக்கா தன் பெட்டிக்குள் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளியே வர்றீங்களா?" என்றார் அண்ணி. "நீ உள்ளே இறங்கும்மா. என்ன தெரியுதுன்னு மறைக்காம சொல்லு."

நாத்தனார் குனிந்து இறங்கினாள். தரையோடு தரையாக அவள் கண். "ஐயோ, பாவாடைக்கு அடியில செருப்பு நுனி தெரியுது! அவங்க மூச்சு விடறது காதுக்குள்ளயே கேக்குது!"

"நதி?"

"நதியா? எங்கே? சும்மா நீலச் சாயத்தைக் கொட்டின மாதிரி..."

பாதியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதே வரியை நேற்றுதான் அண்ணி படித்திருந்தார்.

"முன்வரிசையில உக்காந்த யாருக்கும் அது சாயமாத் தெரியாது," என்றார் அண்ணி நிதானமாக. "குதிகால் தெரியாது. முரசுச் சத்தத்துல மூச்சு கேக்காது. மூணும் ஒண்ணா அமையறது இந்த ஒரு இடத்துலதான்."

"அக்கா?" என்றாள் பாடகி. "நீயா? என் வாழ்க்கையையே கெடுத்துட்டியே, பாவி!"

அக்கா மறுக்கவில்லை. "டாக்டர் ஆறு மாசம் பேசவே கூடாதுன்னு எழுதின சீட்டை அலமாரியில ஒளிச்சு வெச்சே. உன் கைக்குட்டையில ரத்தம். துவைக்கறது நான். எத்தனை தடவை கெஞ்சினேன்? நான் சொல்லி நீ எதைக் கேட்டே? பேப்பர்ல வந்தா மட்டும்தான் நம்புவே. அதான் பேப்பர்ல எழுதினேன்."

"பொய்! என் குரலுக்கு ஒண்ணும் இல்ல!"

"அப்ப அந்த இடத்தை ஒரே ஒரு வரி, முரசு இல்லாம, மெதுவாப் பாடுங்க," என்றார் அண்ணி. "அக்கா சொல்றது பொய்யா இருந்தா, சனிக்கிழமை நீங்களே பாடணும்னு இயக்குநர்கிட்ட நானே கேக்கறேன்."

பாடகி மூச்சை இழுத்தாள். இழுக்கும்போதே விசில் எழுந்தது, மெலிதாக. காலி அரங்கில் அது கடைசி வரிசை வரைக்கும் போனது. விமர்சகர் தலையைக் குனிந்துகொண்டார். பாடகி பாடாமலே கைக்குட்டையை வாயில் ஒற்றி எடுத்து, அதை விரித்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமை இவ பாடட்டும்," என்று மாற்றுப் பாடகியைக் காட்டினாள். குரல் கம்மியிருந்தது. அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாள். "முன்வரிசைக்காரன்னு பேர் வெச்சுக்கிட்டியே. ஒரு நாளாவது முன்வரிசையில உக்காந்து என்னைப் பார்த்திருக்கியா?"

"எப்படிடி பார்ப்பேன்? உனக்கு வரி மறந்தா யாரு எடுத்துக் குடுப்பா?"

"இருபத்திரண்டு வருஷமா என் கால் விரலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தியா?" பாடகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் கையைப் பிடித்துப் படியிறக்கி, முன்வரிசை நடுவில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒத்திகைக்கு அடி யார் எடுத்துக் குடுக்கறது?" என்று இயக்குநர் பதறினார்.

"நான்!" என்றது பெட்டிக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல். "தாள் எல்லாம் இங்கதான் இருக்கு!"

விளக்குகள் எரிந்தன. அக்கா மேடைத் தரையை எட்டிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "அடியே, நிஜமாவே நதிடி! மீன்கூட இருக்கு, பார்த்தியா?"

பாடகி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய ஆறு மாசம் தொடங்கிவிட்டது.