ஒட்டுக்கு மேலே மண்

பசுமைக்குடிலில் ஆள் நுழைந்தால் அடிக்கும் மணி திடீரென்று அலறியது. அக்காவும் தம்பியும் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள்.

கதவு பூட்டியபடி இருந்தது. சாவி அக்காவின் கையில்.

உள்ளே தக்காளிச் செடிகள் வரிசை பிசகாமல் நின்றன. ஆனால் முதல் வரிசையில் ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் யாரோ மண்ணைக் குவித்து, உள்ளங்கையால் தட்டிவிட்டிருந்தார்கள்.

"அடப்பாவி! எவன் பாத்த வேலை இது?" தம்பி மண்டியிட்டு மண்ணை விலக்கினான். "ஒட்டுக்கட்டின இடமே மறைஞ்சுபோச்சே அக்கா!"

அவன் பதறியதில் நியாயம் இருந்தது. போன பயிர் முழுவதையும் வாடல் நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. மண்ணுக்குள் வாழும் பூஞ்சை அது. தன் மேலுறையை மறைத்துக்கொண்டுதான் வேருக்குள் நுழையும். வந்திருப்பது அந்நியன் என்று செடிக்குத் தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். பயத்தில் செடி தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு, ஈர மண்ணில் நின்றபடியே தாகத்தில் சாகும்.

அதனால்தான் நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி, பூஞ்சைக்கு மசியாத காட்டுச்செடி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டிக் கொடுத்திருந்தான். ஒட்டுக்கு மேலே மண் பட்டால் போச்சு. தக்காளி சொந்த வேர் விட்டுவிடும். பூஞ்சைக்கு அதுவே வாசல். இந்தப் பயிரும் போனால் அக்கா இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"அத்தான் இப்படித்தான் மண் அணைப்பாரு," தம்பி முணுமுணுத்தான். "போர்வை போத்திவிடுறேன்னு சொல்லி, ரெண்டு தட்டு தட்டுவாரு."

"செத்தவரை எதுக்குடா இதுல இழுக்குற? பேசாம வேலையைப் பாரு."

சீறினாளே தவிர, உள்ளே வந்ததுமே அவளுக்கும் அந்த வாசனை அடித்திருந்தது. அவர் ஓயாமல் மென்றுகொண்டிருந்த கிராம்பு.

தம்பி குந்தியபடியே வரிசையின் கோடிக்கு நகர்ந்துவிட்டான். அக்கா நடுவழியில் காவல் நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எங்கோ குழாய் சொட்டியது.

தட், தட்.

"தம்பி, நீயா?"

"நான் மண்ணைத் தள்ளிட்டு இருக்கேன். தட்டலையே."

தட், தட்.

இந்த முறை மிக அருகில்.

கிராம்பு வாசனை கழுத்தோரம் வந்து நின்றது. அலறு என்றது மனசு. உடம்பு கேட்கவில்லை. ஒரு வருஷமாக இறுகிக்கிடந்த தோள்கள் தளர்ந்தன. பாதங்களில் இதமாகக் குளிர்ச்சி ஏறியது. அவர்தானே, வேறு யார்?

"போதுங்க... விடுங்க," என்று கிசுகிசுத்தாள்.

தட், தட்.

சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டு.

அவர் ஒருநாளும் மூன்று தட்டியதில்லை.

தம்பியின் டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து, கீழே இறங்கி, கால்களில் உறைந்து நின்றது. செருப்புகள் தெரியவில்லை. கணுக்கால் வரை மண் குவிந்து, வழவழவென்று தட்டப்பட்டிருந்தது.

"அக்கா, வெளிய வா!" பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் அசையவில்லை. உதடுகள் வறண்டு வெடித்திருந்தன.

"இழுக்காதடா," என்றாள் மெதுவாக. "வேர் அறுந்துடும்."