நட்டு மூடும்வரை

"நான் எங்கடி காலை எடுக்கச் சொன்னேன்?"

"சொன்னீங்களே, இப்பத்தான..."

"நட்டு இன்னும் தொறந்து கெடக்கு, அதுக்குள்ள..."

"விடுங்கன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

"விடுங்கவா? கட்டுன நாள்லேருந்து உன்னை வாங்க போங்கன்னு ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கேனா?"

சவரிமுத்து காரின் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டேதான் கேட்டார். டிரைவர் இருக்கையில், பிரேக்கின் மேல் வலது காலை வைத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி அமலோற்பவமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குத்துக்காலிட்டிருந்தது இடப்பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே. 'விடுங்க' என்ற குரல் அங்கிருந்து வரவில்லை. அவள் காலுக்கு நேர் கீழே, வலப்பக்கத்து முன்சக்கரத்தின் பக்கமிருந்து வந்தது.

அரியலூரில் வீட்டை ஒட்டிப் போட்ட கீற்றுக் கொட்டகைக்குள் அந்த அம்பாசிடர் நின்றிருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பிவிட்டுப் போகும் வெள்ளைத் தூசி, பொழுது சாய்கிற வெளிச்சத்தில் கீற்று ஓட்டைகள் வழியே கோடுகோடாக இறங்கி, கார் கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. பிரேக் ஆயிலின் குமட்டும் வாடை. அதற்கும் அடியில் வேறொரு வாடை, இனிப்பாக, இன்னதென்று பிடிபடாமல்.

பிரேக்கில் புது ஆயில் மாற்றிக் காற்று எடுப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. மேலே இருப்பவர் நாலைந்து முறை மிதித்து, கடைசி மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'பிடிச்சிருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்கு உட்பக்கமுள்ள சின்ன நட்டைத் திறப்பார். பழைய ஆயிலும் அதில் சிக்கிய காற்றும் ரப்பர் குழாய் வழியே பாட்டிலுக்குள் இறங்கும். பிரேக் மெல்லத் தரைக்குப் போகும். நட்டை மூடிவிட்டு அவர் 'விடு' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். காற்று ஏறிய பிரேக் நாலு தரம் பிடிக்கும், ஐந்தாம் தரம் கைவிடும். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவரின் கால் தெரியாது. வாய்ச்சொல்லை நம்பித்தான் எல்லாம்.

இந்தக் காருக்குப் போன வருஷம் கீழே உட்கார்ந்து நட்டைத் திறந்தவன் சவரிமுத்துவின் தம்பி இருதயநாதன். கார் அவனுடையது, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்ததால், "அண்ணி, சித்த வந்து மிதிச்சு விடுறீங்களா?" என்று அமலோற்பவமேரியைக் கூப்பிட்டான். மூன்று சக்கரம் முடிந்து, கடைசியாக இந்த வலப்பக்கத்து முன்சக்கரம். அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. கொள்ளிடத்துக் கெண்டை. போய்விடப் போகிறாளே என்று இவள் கதவைத் தள்ளி, பாதி எழுந்து, கையைத் தட்டிக் கூப்பிட்டாள். கால் எப்போது எழும்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டென்று திரும்ப வைத்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கீங்களா அண்ணி?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"பிடிச்சிருக்கேன்" என்றாள்.

வேலை முடிந்து தானே ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே, நடுவில் காலை எடுத்தீர்களா என்றும் கேட்டான். மீனுக்காக எழுந்தேன் என்று சொன்னால் வருஷம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இல்லையே என்றாள். அண்ணியின் பேச்சுக்கு மேல் அவன் பேசவில்லை. அன்று இரவு அந்தக் கெண்டையைத்தான் குழம்பு வைத்தாள்.

மறுநாள் பெரம்பலூரைத் தாண்டி எறையூர்ப் பக்கம் சவாரி போனான். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று இருட்டில் விளக்கில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கார் நிற்கவில்லை. கரும்புக் கட்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

குடித்திருப்பான் என்றது ஊர். முன்னொரு காலத்தில் அவன் குடித்தவன்தான். ஆனால் மூத்த பிள்ளை பிறந்தபோது இனிக் குடிப்பதில்லை என்று ஏலாக்குறிச்சி மாதாவிடம் பொருத்தனை வைத்துக் குடியை விட்டவன், அதன்பின் தொடவில்லை. பொருத்தனையை முறித்தான், மாதா கைவிட்டாள் என்று கோயிலில் பேசினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள், அவன் கிளம்பும்போது சாராய வாடை அடித்ததா என்று அமலோற்பவமேரியைக் கேட்டார்கள். கவனிக்கவில்லை என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவன் குடிகாரனாகவே மண்ணுக்குள் போனான். அவன் மனைவி சாந்தி மேரி இப்போதெல்லாம் கோயிலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள்.

"ஏய், தூங்கிட்டியா? மிதி."

மிதித்தாள்.

மூன்று சக்கரமும் முடித்து, கடைசியாக வலப்பக்கத்து முன்சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள். காற்று மட்டும் தீரவில்லை. சவரிமுத்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நட்டு மூடியிருந்தது. குழாயின் முனையில் ஒரு குமிழி மெல்லப் பெருத்தது, நின்றது, உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி பெருத்தது. தூங்குகிறவன் மூச்சைப் போல.

"எங்கேருந்து வருது இவ்வளவு காத்து? நீ நடுவுல காலை எடுக்கறியா?"

"இல்லையே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அதே சொல், அதே இழுப்பு என்று உறைத்தது. முகம் சுட்டது. காலுக்குக் கீழே, பிரேக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஏதோ ஒன்று மெதுவாக அவள் உள்ளங்காலை மேலே தள்ளிப் பார்த்தது. ஒரே ஒரு தரம். பிடித்திருக்கிறாளா என்று சோதிப்பதுபோல.

இனிப்பு வாடை இப்போது பிடிபட்டது. நசுங்கிய கரும்பு.

கேட்டில் கொக்கி எடுக்கிற சத்தம் கேட்டது. சாந்தி மேரிதான். நாளைக்குச் சவரிமுத்து அவளையும் பிள்ளைகள் இரண்டையும் இந்தக் காரில் ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போகிறார். ரத்தம் பட்ட வண்டி என்று பஸ் ஸ்டாண்டுப் பட்டறையில் யாரும் தொட மறுத்ததால்தான் வீட்டிலேயே இந்த வேலை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்க வந்தவள், கார் ஜன்னலருகே வந்து நின்றாள். கையில் பெரியவனுக்கு மொட்டை போட்டதும் கட்ட வாங்கிய மஞ்சள் துண்டு.

"அவரு பொருத்தனைய முறிச்சதுக்குப் பிள்ளை முடியக் குடுத்து மன்னிப்புக் கேக்கப் போறேன்க்கா" என்றாள். "மாதா மன்னிப்பாங்களா?"

அமலோற்பவமேரியின் வாய் திறந்தது. அவர் முறிக்கவில்லை சாந்தி. நான்தான் காலை எடுத்தேன். அத்தனையும் நாக்கு நுனி வரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த முகம், வருஷம் முழுக்கத் தலைகுனிந்தே பழகிய முகம், பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தது.

"மன்னிப்பாங்க" என்றாள் அமலோற்பவமேரி.

சொல்லி முடித்ததும் காருக்கடியில் யாரோ மூச்சை விட்டார்கள்.

பாட்டிலில் குமிழி நின்றுவிட்டது. சவரிமுத்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நான்கு நட்டும் மூடியாயிற்று என்றார். இனி ஒரு சோதனை பாக்கி. "அப்புடியே அழுத்திப் புடிச்சிக்கிட்டு இரு. கால் இறங்கலைன்னா வேலை முடிஞ்சுது. நான் சாந்திய கேட் வரைக்கும் விட்டுட்டு வரேன்."

மிதித்தாள். கல்லாக நின்றது. நல்லபடியாகத்தான் இருக்கிறது.

கோயில் மணி அடித்தது. மாலைச் செபத்துக்குச் சிலுவை போடக் கை எழும்பி, நெற்றிக்குப் போகாமல் மடியிலேயே விழுந்தது. கொட்டகைக்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியே கேட் தெரிந்தது. சவரிமுத்துவும் சாந்தி மேரியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் ஸ்பானர் தொங்கியது.

டங்.

இரும்பில் இரும்பு. வலப்பக்கத்து முன்சக்கரம்.

கேட்டைப் பார்த்தாள். ஸ்பானர் அவர் கையில்தான் இருந்தது.

மறுபடி, மெதுவாக, நட்டு திரும்புகிற கிறீச்சல். பிறகு குழாயில் ஆயில் இறங்குகிற சத்தம்.

பிரேக் இறங்கத் தொடங்கியது.

காலை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் நட்டு திறந்திருக்கிறது. எடுத்தால் காற்று ஏறும். நாளைக்குப் பின்சீட்டில் அந்தப் பிள்ளைகள். மொட்டைத் தலையும் மஞ்சள் துண்டுமாக.

எடுக்கவில்லை.

இறங்கியது. இன்னும். கூப்பிட வாயெடுத்தாள். என்னவென்று கேட்பார். என்னவென்று சொல்வது? எதிலிருந்து தொடங்குவது?

பிரேக் தரையைத் தொட்டது. கரும்பு வாடை மூச்சை அடைத்தது. கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடுக்கில் குனிந்து பார்த்தாள்.

ஓரமாக எடுத்து வைத்த பாட்டில் சக்கரத்தடியில் இருந்தது. அதை ஒரு கை பிடித்திருந்தது. ஆயிலில் கறுத்த விரல்கள். நகக்கண்களில் கண்ணாடித் தூள். மணிக்கட்டைத் துளைத்து நின்ற கரும்புச் சிம்பு. பாட்டிலுக்குள் குமிழி பெருத்தது, நின்றது.

அந்தக் குரலில் கோபமே இல்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் கேட்டது.

"பிடிச்சிருக்கீங்களா அண்ணி?"