மாவு மூட்டை கேட்ட தண்ணீர்

ஏழு வருஷம் எல்லையோர அகதிக் கூடாரத்தில் கிடந்துவிட்டு, சிரியாவில் இத்லிப் பக்கத்திலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். மார்க்கத்தின் பெயரைச் சொல்லித் துப்பாக்கி தூக்கிய கூட்டம் அதைப் பறித்து அலுவலகமாக்கியிருந்தது. போகும்போது சுவருக்குள் இருந்த மின்கம்பியைக்கூட உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சாமான் அறைக்குப் புதிதாக மாட்டிய இரும்புக் கதவு.

உம்மா கத்தரிக்காயை ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்ட அறை அது. அதற்கு எதற்கு இரும்புக் கதவு?

"ஒரு கொடுங்கோலன் போனா, தாடி வச்ச இன்னொருத்தன் வந்துட்டான்" என்று ரொட்டி வரிசையில் சொன்னதற்காக, நான் கூடாரத்துக்குப் போகும் முன்பே என் தம்பி நிதாலைப் பிடித்துப்போனார்கள். அவனைப் பற்றிக் கேட்கப் போனபோது, என் வீட்டு வாசலிலேயே என்னை மறித்து, "அன்னிக்கே விட்டுட்டோம், துருக்கிக்கு ஓடியிருப்பான்" என்று ஒருவன் கைவிரித்தான். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

வந்த அன்றே, பள்ளிவாசலில் நண்பகல் பாங்கு ஓய்ந்ததும் அது கேட்டது.

டொக். டொக்.

சாமான் அறைக்குள்ளிருந்து.

திறந்தேன். வெறும் அறை. வியர்வையும் மூத்திரமும் கலந்த வாடை. கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்கள்.

மறுநாளும் அதே நேரம், அதே தட்டல். பயந்தேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

நான்காம் நாள், கூரையில் சோலார் தகடு மாட்ட ஒருவன் வந்தான். மழமழவென்று சிரைத்த முகம். "ஸலாம் அக்கா" என்றான். அன்று வாசலில் என்னை மறித்த அதே குரல். அவனேதான்! என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை பெண்களை வாசலோடு விரட்டியவனோ.

தேநீர் கொடுத்தேன்.

"இந்த வீட்ல முன்ன யாரு தம்பி இருந்தாங்க?"

"யாருமில்லக்கா. மாவு மூட்டை அடுக்கியிருந்தாங்களாம். நான் இந்தப் பக்கமே வந்ததில்ல."

பாங்கு ஓய்ந்தது.

டொக். டொக்.

அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. தேநீரை உறிஞ்சியபடியே அதட்டினான்:

"சும்மா கெட நாயே! தண்ணி சாயங்காலந்தான்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோப்பை கீழே விழுந்தது.

நான் வாசலை மறித்து நின்றேன். "மாவு மூட்டை தண்ணி கேக்குமாடா? எந்தம்பி நிதால் எங்கடா?"

டொக். டொக். டொக்.

"நிறுத்தச் சொல்லுக்கா..." அவன் உதடு வெளுத்துவிட்டது. "கொல்லையில... மாதுள மரத்தடியில..."

என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். ஊரைக் கூட்டித் தோண்டினோம். நான் பின்னிக் கொடுத்த பச்சைக் கம்பளிச் சட்டை எலும்போடு ஒட்டிக் கிடந்தது. கபன் துணி சுற்றி, தொழுது, தம்பியை அடக்கினோம். அந்த இரும்புக் கதவைப் பெயர்த்துத் தெருவில் எறிந்தேன். அழுது முடித்தேன், இனி அவன் தூங்குவான் என்று நினைத்தேன்.

மறுநாள் நண்பகல்.

டொக். டொக்.

கதவே இல்லாத வெறும் நிலைச்சட்டத்திலிருந்து, இரும்பைத் தட்டும் ஓசை.

பக்கத்து வீட்டு ஸமாஹிர் ஓடிவந்தாள். அவள் மகனையும் அதே கூட்டம்தான் கொண்டுபோனது. நிலைச்சட்டத்தில் காதை வைத்து நெடுநேரம் நின்றாள்.

"எம்புள்ளையா இருக்கும்டி" என்று மண்வெட்டியை எடுத்தாள்.

மறுபடி தட்டல் எழுந்தது. இந்த முறை பல கைகள்.