படத்துக்குள் ஒளிந்த பூனை

துரையைக் காணவில்லை.

துரை என்பது ஒரு பூனையின் பெயர். கூப்பிட்டால் வராது, தானாக மனம் வைத்தால்தான் வரும். அதனால்தான் அந்தப் பெயர். நேற்று மாலை திறந்திருந்த கதவு வழியாக வெளியே போனது. இன்று பொழுது சாயும் நேரமாகியும் திரும்பவில்லை.

அதை வளர்த்த சிறுமி சாப்பாட்டைத் தொடவே இல்லை. ஆள் சிறியவள், கோபம் பெரியது என்பதால் எல்லோரும் அவளைக் 'கடுகு' என்றே அழைப்பார்கள்.

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அம்மாவின் போனில் ஓர் அறிவிப்புப் படம் செய்தாள். நடுவில் துரையின் புகைப்படம், சுற்றிலும் பூக்கள், மேலே வளைந்து நெளிந்த எழுத்துகளில் 'காணவில்லை', கீழே வீட்டு எண். அதைக் குடியிருப்பின் குழுவுக்கு அனுப்பிவைத்தாள்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடி," என்றான் அண்ணன்.

"உனக்குப் பொறாமை!"

'ஐயோ பாவம்', 'ஐயோ பாவம்' என்று பதில்கள் வந்து குவிந்தன. பூனைதான் வரவில்லை.

பிறகு மேல்மாடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் வரும் எழுத்துகளை அவருடைய போன் அவருக்கு வாசித்துக் காட்டும்.

'எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்றீங்க. யாருக்கு என்ன ஆச்சு? என் போன் "படம்"னு மட்டும்தான் சொல்லுது.'

கடுகுக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்துப் பார்த்து வரைந்த எழுத்துகளும் படத்தோடு படமாகிவிட்டன. அவருடைய போனால் அவற்றில் ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை.

"அவர் எப்படியும் பூனையைப் பார்க்கப் போறதில்லையே, விடு," என்றான் அண்ணன்.

"அதுக்காக? எல்லாரும் பேசிக்கும்போது அவர் மட்டும் என்ன ஏதுன்னு தெரியாம இருக்கணுமா?"

கடுகு தட்டச்சு செய்தாள். 'துரை என்ற எங்கள் பூனையைக் காணவில்லை. வெள்ளை நிறம். முதுகில் ஆரஞ்சு நிறத் திட்டு.'

விரல் நின்றது. நிறத்தைச் சொன்னால் மேல்மாடி மாமாவுக்கு என்ன புரியும்?

அவள் கண்களை மூடிக்கொண்டாள். வெறும் மடியைத் தடவிப் பார்த்தாள். துரை எப்படி இருக்கும் என்பது அவளுடைய கைக்கு நன்றாக நினைவிருந்தது.

'இடது காதின் நுனியில் சின்னப் பிளவு. வால் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். தாடைக்குக் கீழே சொறிந்துவிட்டால், பழைய மின்விசிறி மாதிரி சத்தம் போடும்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். சற்று நேரத்தில் போன் மணி அடித்தது.

"கடுகா? ஒண்ணும் பேசாதே. இதைக் கேளு."

கர்ர்ர்... கர்ர்ர்...

"இதுதானே உன் மின்விசிறி?"

"மாமா! துரை!"

"நேத்து ஜன்னல் வழியா வந்து கிட்டார் பெட்டிக்குள்ள படுத்துக்கிச்சு. யார் வீட்டுப் பூனையோ, பசி தீர்ந்தா போயிடும்னு நெனச்சேன். ஐயா காலி பண்ற மாதிரியே தெரியல!"

கடுகு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். பின்னாலேயே அண்ணனும் ஓடினான். அவளைக் கண்ட துரை, ஒன்றுமே நடக்காதது போலக் கொட்டாவி விட்டது. அவள் அதை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் அண்ணன்.

"காதைத் தடவினேன், வாலைத் தடவினேன், தாடையைச் சொறிஞ்சேன். உன் தங்கச்சி எழுதினதெல்லாம் அச்சு அசலா அப்படியே இருந்துச்சு, தம்பி!"

மறுநாள் காலையில், குடியிருப்பின் செயலாளர் குழுவில் ஓர் அறிவிப்பைப் படமாக அனுப்பினார். உடனே கடுகு போனை எடுத்தாள். அவள் ஓர் எழுத்தைத் தொடுவதற்குள் செயலாளரே அடுத்த செய்தியை அனுப்பிவிட்டார்.

'படத்தில் உள்ளது: நாளை லிப்ட் ஓடாது. தயவுசெய்து படிகளைப் பயன்படுத்தவும். ஓரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அது கண் தெரிந்தவர்களுக்கும் புரியாது.'

கடுகு சிரித்த சிரிப்பில், மடியில் தூங்கிக்கொண்டிருந்த துரை ஒரே ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தூங்கிப்போனது.