சாம்பல் மூடியிட்ட சாடி

முன்பனிக்காலம் மேகோங் ஆற்றங்கரைக்கு ஓசையின்றி வரும். மழை தன் முழக்கங்களையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு அகன்றபின், வடக்கிலிருந்து வாடை இறங்கும். ஆற்றின்மேல் வெண்புகை படியும். எதிர்க்கரை ஒரு காலைப்பொழுதில் இல்லாமற்போகும். புத்தர் கோயிலின் மணியோசைகூட நனைந்த துகில்போலக் கனத்துத் தாழ்ந்து ஒலிக்கும். மாந்தர் போர்வையை நாடுவர். மாடுகள் வைக்கோலை நாடும். தமக்கென உடற்சூடு வாய்க்கப்பெறாத உயிர்கள் மட்டும், யாரேனும் அளிக்கும் வெம்மைக்காக வாய்திறவாமல் காத்துக் கிடக்கும்.

அத்தகைய உயிரொன்றைப் பிம்சிரி அவ்வாண்டு மழைக்காலத்தின் நடுவே நோங்காய் நகரத்து ஆற்றோரச் சந்தில் இருந்த தன் வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தாள். மரத்தூண்களின்மேல் நிற்கும் பழைய வீடு அது. மாடியில் ஒரு தையலறை; அங்கே ஒரே ஒரு மின்செருகுவாய்.

பாம்பை அவள் தேர்ந்தெடுத்தது உடோன் நகரச் சந்தையில். முதலில் அவள் கை நீண்டது வெள்ளிவரி ஓடிய பெரிய பாம்பொன்றை நோக்கித்தான். பாம்பு வளர்த்து விற்கும் ரட்சனீ அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அழகைப் பாத்து எடுக்காதே தங்கச்சி. காட்டுல புடிச்சது அது. மூச்சு விடறப்ப கரகரன்னு கேக்குது பாரு, நெஞ்செல்லாம் சளி. இந்தக் குட்டியப் பாரு. என் வீட்டுலயே பொரிஞ்சது. கண்ணு தெளிவா இருக்கு, எலியப் போட்டா என் கண்ணு முன்னாடியே திங்குது. முதல் பாம்புன்னா இப்படித்தான் எடுக்கணும்."

"கடிக்குமாக்கா?"

"உன் புருஷன விடக் கம்மியாத்தான் கடிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். மஞ்சள்நிறக் குட்டி அவள் உள்ளங்கையில் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொண்டது. ரட்சனீ சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் மறக்காதே. பெட்டியில ஒரு ஓரத்துல கரண்டுல ஓடற சூட்டுப்பாய் எப்பவும் ஓடணும். குளிர் ஏறிச்சுன்னா கட்டை மாதிரி வெறச்சுக் கெடக்கும். செத்துட்டுன்னு தூக்கிப் போட்டுராதே. மடியில வச்சு மெள்ள மெள்ளச் சூடு குடு. சூடேறியும் அசையலன்னாதான் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

முட்டைமஞ்சளில் செய்யும் இனிப்பின் பெயரையே அதற்கு இட்டாள்: தோங்யிப். சரக்கு வண்டி ஓட்டும் அவள் கணவன் கம்சேன் அன்று மாலையே சந்து முழுதும் கேட்கும்படி அறிவித்தான்: "எங்க வீட்டம்மா எல்லாத்தையும் வாங்குவாங்க, வளக்கத்தான் மாட்டாங்க. மீன்தொட்டி போச்சு, கோழிக்குஞ்சு போச்சு. குளிர் வரட்டும், இதையும் மறந்துடுவாங்க." எதிர்வீட்டுப் பெண்கள் வாய்பொத்தி நகைத்தனர். அந்த நகைப்பு பிம்சிரியின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று.

மழைக்காலம் முழுதும் அவள் எதிலும் தவறவில்லை. தையலறையில் வைத்த பெட்டியின் நீர்க்கிண்ணத்தை நாள்தோறும் கழுவினாள். ஒளிந்துகொள்ள ஒரு மண்கலத்தைக் கவிழ்த்து வைத்தாள். இரை விழுங்கிய பாம்பைச் செரிக்கும்வரை தொடாதிருந்தாள். ஓய்ந்த பிற்பகல்களில் தோங்யிப் அவள் மடியேறிப் படுக்கும். அவளுடைய சூட்டை மெல்லப் பருகும்.

குளிர் வந்தது. உடன் ஒரு திருமணத்திற்கான பட்டுத்துணிகளும் தையலறைக்கு வந்தன. கம்சேன் சரக்கேற்றித் தொலைதூரம் போயிருந்தான். இஸ்திரிப்பெட்டிக்காகச் சூட்டுப்பாயின் செருகியைப் பிடுங்கினாள். சற்றுநேரத்தில் திரும்பச் செருகிவிடலாம் என்று எண்ணினாள்.

திருமணம் முடிந்த மறுநாள்தான் அது நினைவுக்கு வந்தது.

பெட்டிக்குள் தோங்யிப் சுருளவிழ்ந்து நீண்டு கிடந்தது. தொட்ட விரல் சில்லிட்டது. அக்கணம் அவள் நெஞ்சில் முதலில் எழுந்தது துயரமன்று. மாலையில் திரும்பவிருக்கும் கணவனின் சிரிப்பொலி.

அடுக்களையில் மீன் ஊறவைக்கும் மண்சாடியொன்று காலியாக நின்றது. அதை எடுத்தாள். விறைத்த உடலை வளைத்து உள்ளே இறக்கும்போது, பிளவுபட்ட நாநுனி கருநூல்போல வெளியே தெரிந்தது.

முன்பும் அது வெளியே இருந்ததா?

மறுமுறை அவள் பார்க்கவில்லை.

மீன்சாடிகளை மூடும் முறைப்படியே, காற்றும் புகாதவாறு, சாம்பல் பொதிந்த துணிமூட்டையைச் சாடியின் வாயில் அழுத்திக் கயிற்றால் இறுகக் கட்டினாள். பலாமரத்தடியில் புதைத்தாள்.

"ஓடிப்போயிடுச்சுங்க," என்றாள் மாலையில். "மூடிய சரியாப் போடல."

கம்சேன் சிரிக்கவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் நின்றான். "இந்தக் குளிர்லயா? எங்க போய் ஒடுங்கும் பாவம்?"

அவன் அலமாரிகளை நகர்த்தித் தேடினான். குப்பிகளில் வெந்நீர் நிரப்பித் துணிசுற்றி மூலைதோறும் வைத்தான். பாம்பு ஊர்ந்தால் தடம் தெரியுமென்று யாரோ சொன்னதைக் கேட்டு, தரையெங்கும் அரிசிமாவைத் தூவினான்.

"உங்களுக்குத்தான் அதப் புடிக்காதே," என்றாள் அவள்.

"கிண்டல் பண்ணினது உன்னத்தானே பிம். அதையா பண்ணினேன்?"

விடியலில் அவன் குரல் அவளை எழுப்பிற்று. "பிம்! ஓடிவா! இருக்கு, நம்ம வீட்டுலதான் இருக்கு!"

மாவில் ஒரு தடம் நெளிந்திருந்தது. சுவரோரம் தொடங்கித் தையல் எந்திரத்தின் கீழே நுழைந்து மின்செருகுவாயை அடைந்து, அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியிருந்தது.

கம்சேன் மூக்கைச் சுளித்தான். "மீன்சாடி நாத்தம் அடிக்குதே. எதையாவது கொட்டிட்டியா?"

அவள் சன்னலைத் திறந்துவிட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் தடம் இருந்தது; ஒவ்வொரு முறையும் சற்றே அகன்றிருந்தது. அவன் கொதிக்கக் கொதிக்க வைத்த குப்பிகள் காலையில் கிணற்றுக்கல்போலக் குளிர்ந்து கிடந்தன. "எல்லாச் சூட்டையும் குடிச்சிடுது பாரு," என்று அவன் மகிழ்ந்தான்.

பின்னொரு நாள் தடம் மின்செருகுவாயை நாடவில்லை. அவள் படுக்கும் பக்கத்தை நாடி வந்திருந்தது.

கண்விழித்தபோது அவள் மடி கனத்தது.

போர்வையை விலக்கினாள். ஒன்றுமில்லை. ஆயினும் மடியில் வட்டமாக ஓரிடம், பனிநீரில் தோய்த்தாற்போலச் சில்லிட்டிருந்தது.

அன்று நண்பகல், வெயில் நேரே இறங்கும்போது, பலாமரத்தடியைத் தோண்டினாள். சாடி வெளிப்பட்டது. கயிற்றின் முடிச்சு அவள் இட்டபடியே இருந்தது. சாம்பல்மூட்டை சிதையவில்லை. அவிழ்த்துப் பிரித்தாள்.

பாம்பு இல்லை.

சாடியின் உட்சுவரில், வாயை நோக்கி, மூக்கால் உரசி உரசி ஏறிய கீறல்கள். அடியில் ஒரு சட்டை, ஈரம் உலராமல், கண்ணை மூடும் செதில்களும் குறையாமல் முழுதாக உரிந்து கிடந்தது. அதை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. தோங்யிப்பினும் அது மிக நீளம்.

"என்ன பிம் அது?" பின்னால் கம்சேன் நின்றான்.

அவள் மண்ணில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இஸ்திரிப்பெட்டியை, அவன் சிரிப்புக்கு அஞ்சியதை, நாநுனியை. "உயிரோட இருக்குன்னு அப்பவே எனக்குத் தெரியும்னு நெனக்கறேங்க. தெரிஞ்சும்தான் கட்டினேன்."

அவன் குனிந்து சாடியின் கீறல்களைத் தடவினான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அப்ப தெனமும் காலையில நான் பாக்கறது யாரோட தடம்?"

சட்டையை வெண்துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பிக்கு அதைக் கண்டு வியக்கவுமில்லை, கடியவுமில்லை.

"அதுக்கு என்ன வேணும்னு நீ நெனக்கறம்மா?"

"சூடு சாமி."

"அப்ப புண்ணியத்த இங்க குடு. சூட்ட வீட்டுல குடு."

அவர் பாலி மொழியில் மறைமொழி ஓத, பிம்சிரி சிறு குடத்து நீரைக் கோயில் மரத்தின் வேரில் இழையறாமல் வார்த்தாள். தான் செய்த நல்வினையின் பயனையெல்லாம் தோங்யிப்புக்கே உரித்தாக்கினாள். அதனால் குற்றம் கரைந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை; பாம்பின் பெயர் மட்டும் வாய்க்கு வந்தது.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இஸ்திரிப்பெட்டியைக் கம்சேன் கீழே கொண்டுபோய் வைத்தான். பாம்பிருந்த வெறும் பெட்டிக்குள் பிம்சிரி பழம்பட்டு ஒன்றை மடித்து விரித்தாள். கிண்ணத்தில் நீர் வார்த்தாள். சூட்டுப்பாயின் செருகியைப் பொருத்தினாள். விளக்கேற்றிய கைபோல அந்தக் கை சற்றுநேரம் அங்கேயே நின்றது.

மீன்சாடியின் வாடை மெல்லப் படர்ந்தது.

கிண்ணத்து நீர் நடுங்கிற்று.

பட்டின்மேல், யாரும் தொடாமலே, ஒரு பள்ளம் விழுந்தது. வட்டமாக. வட்டத்துக்குள் வட்டமாக.

பிம்சிரி அலறவில்லை. முழந்தாளிட்டு, குவித்த கைகளை நெற்றியில் ஏற்றி, மும்முறை நெற்றி தரைதொட வணங்கினாள். அவளருகே கம்சேனும் குனிந்தான். அவன்தான் பேசினான், உறங்கும் குழந்தையிடம் பேசுவதுபோல.

"இங்கயே இரும்மா, இருக்கற வரைக்கும். இனி உன்னக் குளிர் தொட வேண்டாம். எங்க போய்ப் பொறந்தாலும், உன்ன மறக்காத மடி ஒண்ணு உனக்குக் கெடைக்கட்டும்."