அப்பா லண்டன் போய்ச் சேரும்வரை

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது. கடலூரில் இது தெரியாத வீடு உண்டா? புஷ்பவள்ளியின் பெரியம்மாவுக்கும் நன்றாகவே தெரியும். தன் மகன் தேவநாதன் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினால், பொழுது சாயும்வரை துடைப்பத்தை யாரையும் தொடவிட மாட்டார். ஆனால் புஷ்பவள்ளியின் அப்பா என்றால் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது!

புஷ்பவள்ளிக்கு அம்மா இல்லை. அப்பா அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு முதலாளியிடம் சமையல் வேலை பார்த்தார். முதலாளி வைத்தியத்துக்காக லண்டன் புறப்பட்டார். அவருக்குப் பத்தியச் சாப்பாடு வேண்டுமே! அதனால் சமையல்காரரும் கூடவே போனார். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி வீட்டு ஆள் வந்தார்.

"நேத்து ராத்திரி பம்பாயில ஏரோப்ளேன் ஏறிட்டாங்களாம், தந்தி வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்பவள்ளி ஓடிப்போய்த் துடைப்பத்தை அண்டாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

"எங்கடி தொடப்பம்?" என்றார் பெரியம்மா.

"அப்பா இன்னும் போய்ச் சேரல பெரியம்மா."

"அடிப்போடி! சிதம்பரத்துக்கு ரயிலே ரெண்டு மணி நேரத்துல போயிடுது. பறக்குறது இன்னுமா போவும்? இந்நேரம் உங்கப்பன் லண்டன்ல காப்பியே குடிச்சிருப்பான். எடுத்துட்டு வா!"

புஷ்பவள்ளி துடைப்பத்தை எடுக்கவில்லை. தேவநாதனிடம் ஓடினாள். அவன் சிதம்பரம் அண்ணாமலை நகரில் காலேஜ் படிக்கிறவன். மத்தியான ரயிலுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பம்பாயிலேர்ந்து லண்டன் எம்மாந்தூரம்?"

அவன் பூகோளப் படத்தை விரித்து விரலால் அளந்தான்.

"அஞ்சாயிரம் மைலு இருக்கும். வழியில எறங்கி எறங்கிப் பெட்ரோல் ஊத்திக்கணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

இதைப் போய் அம்மாவிடம் சொன்னான்.

"ஒங்கணக்க காலேஜில வச்சுக்கடா" என்றார் பெரியம்மா.

புஷ்பவள்ளி மறுபடி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க நேராப் போய்ச் சேந்துடாதீங்க."

"ஏன்?"

"நீங்க வழியில இருந்தா பெரியம்மா பெருக்க வுட மாட்டாங்க."

தேவநாதன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டினான்.

"அம்மா, இப்பவே கெளம்புறேன். காடாம்புலியூர்ல கூட்டாளி வூட்டுல தங்கிப் பலாப்பழம் தின்னுட்டு, நாளைக்கு மத்தியானம்தான் சிதம்பரம் போய்ச் சேருவேன்."

"ஐயையோ! அப்ப அதுவரைக்கும் யாரும் தொடப்பத்தத் தொடப்புடாது!"

அன்று வீடெங்கும் வெங்காயச் சருகு பறந்தது. நினைத்தது நடந்தும் புஷ்பவள்ளிக்கு மனசு ஆறவில்லை. அண்ணன் தின்னப்போகிற பலாப்பழத்துக்கு இருக்கிற மரியாதை, கடல் தாண்டிப் போகிற அப்பாவுக்கு இல்லையே!

மறுநாள் மத்தியானம் பெரியம்மா கூப்பிட்டார்.

"எம்புள்ள போய்ச் சேந்திருப்பான். பெருக்குடி."

"அப்பாவும் சேந்திருப்பாரு பெரியம்மா."

பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூலையெல்லாம் நல்லாப் பெருக்கு" என்றார்.

புஷ்பவள்ளி துடைப்பத்தை எடுத்தாள். அப்பா இறங்கிவிட்டார். இனி மூலை என்ன, தெருவையே பெருக்கலாம்.