கேட்டருகே ஒரு புரதம்

மும்பை செம்பூரில் பள்ளி மாணவி கோகிலவாணி குடியிருந்த கட்டிடத்துக்குப் புதுக் கேட் வந்தது. விரலை வைத்தால் திறக்கும் மெஷின் கேட். சொசைட்டி செக்ரட்டரி பத்ரி மாமா அதற்கு மாலை போட்டார், தேங்காய் உடைத்தார், தனக்கும் ஒரு மாலை போட்டுக்கொண்டார்.

"இங்க குடியிருக்கறவா விரலுக்குத்தான் திறக்கும். ஒரு ஈ நுழைய முடியாது!"

ஈ எப்போதும்போல் பறந்து வந்து அவர் மாலையில் உட்கார்ந்தது.

நுழைய முடியாமல் போனது விஜயராணி அக்காதான். பக்கத்துக் கோவண்டியிலிருந்து காலையில் வந்து, வீடு வீடாகக் கச்சரா என்கிற குப்பையை அள்ளிக்கொண்டு போகிறவர். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். 'வேறு யாராவது திறப்பார்கள்' என்று எல்லா வீட்டாரும் நல்லெண்ணத்தோடு காத்திருந்தார்கள். சில நாளில் மாடிப்படி முழுக்க நாற்றம்.

"விஜயராணி ஒழுங்கா வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல சொல்லி நிறுத்திட்டு வேற ஆளைப் போட்டுடலாம்" என்றார் பத்ரி மாமா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. "அக்கா தினம் வர்றாங்க மாமா. கேட்தான் விடல. அவங்க விரலையும் மெஷின்ல பதிஞ்சுடுங்க."

"கச்சரா எடுக்கற விரலா? அப்புறம் மெஷினுக்கு என்ன மரியாதை?"

"செல் சவ்வு இப்படிப் பண்ணாது மாமா. இப்பதான் ஸ்கூல்ல படிச்சோம். செல்லைச் சுத்தி ரெண்டு அடுக்குக் கொழுப்பு. ஆக்சிஜன் தானா நுழைஞ்சுடும். சர்க்கரையால முடியாது, அதுக்குப் புரதத்தால ஆன கதவு உண்டு. கழிவு வெளிய போகவும் வழி உண்டு. எல்லாத்தையும் அடைச்சா செல் செத்துடும்."

"எனக்கே பாடமா? நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி! செல்லுக்குச் சவ்வு இல்ல, சுவர்!"

"அது செடிக்கு மாமா. அதுலயும் சுவருக்கு உள்பக்கம் சவ்வு இருக்கு. நமக்குச் சவ்வு மட்டுந்தான்."

பத்ரி மாமாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது.

மறுநாள் விடிந்ததும் கோகிலா பிளாஸ்டிக் ஸ்டூலோடு இறங்கி, கேட்டருகே உட்கார்ந்தாள். விஜயராணி அக்காவைக் கண்டதும் விரலை வைத்தாள். கேட் திறந்தது.

"ஏ புள்ள, தூங்காம இங்க என்ன பண்ணுத?"

"நான் புரதம்க்கா. உள்ள வாங்க."

"என்ன கூத்தோ போ! ஜல்தியா முடிச்சிட்டு வாரேன்."

அடுத்து பால்காரருக்குத் திறந்தாள். வாலாட்டிய தெருநாய்க்குத் திறக்கவில்லை. சவ்வு என்றால் கண்டிப்பும் வேண்டுமே!

பத்ரி மாமா நடைப்பயிற்சிக்கு வந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தே? ரூல் தெரியுமா?"

"இங்க குடியிருக்கறவங்க விரல். இது என் விரல்தானே மாமா?"

மாமா அந்த விரலைக் குனிந்து பார்த்தார். குறை எதுவும் தென்படவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படி உட்காருவே?"

"அக்கா விரலைப் பதியற வரைக்கும்."

மழை வந்தது. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சை வந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடிப்படி மணக்க ஆரம்பித்தது. மாடியிலிருந்து அவளுக்கு டீ இறங்கியது, பிறகு பிஸ்கட்டும் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில், விஜயராணி அக்காவை நிறுத்தலாம் என்ற பேச்சுக்கு ஒரு கைகூட உயரவில்லை. பத்ரி மாமா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப நாளா நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். செல் சவ்வுன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்கெல்லாம் தெரியாது. அதே மாதிரி நம்ம கேட்டும் வேலைக்கு வர்றவாளுக்குத் திறக்கணும்!"

பலத்த கைதட்டல். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது கோகிலாதான்.

திங்கட்கிழமை காலை, விஜயராணி அக்கா தன் விரலாலேயே கேட்டைத் திறந்து, எல்லா மாடியையும் முடித்துவிட்டுப் போனார். அப்போதும் கோகிலா போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.